பால் ஜாயிண்ட் இறங்க மறுத்தால்: சுத்தியலா, புல்லரா, பிரஸ்ஸா?

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தது. தோப்பில் வேலை பார்க்கும் பையனைக் சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் முனையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். “இங்கேதான் அண்ணே ஆடுகிறது, விரலில் தட்டுகிறது” என்றான். சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. தேய வேண்டிய பொருள்தான் அது. அதைக் கழற்ற வேண்டுமே என்பதுதான் கவலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடதுபக்க ஜாயிண்ட்டைக் கழற்றப் போய் ஆர்மையே பறிகொடுத்தவன் நான்.

எங்கள் மாந்தோப்பு வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. செம்மண், சரளை, நடுவில் இரண்டு ஓடைகள். டிராக்டர் நுழைய முடியாத மர வரிசைகளுக்குள் உர மூட்டையும் சொட்டுநீர்க் குழாயும் கொண்டுபோகப் பழைய ஏ.டி.வி. ஒன்றை, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டியை, வாங்கி வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு ஆர்ம் வரை ஏறும். சாயங்காலம் போர் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பானையில் வெள்ளையாகப் படியும் தண்ணீர். சேற்றை எடுத்துவிட்டு உப்பை வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது ஜாயிண்ட் இறுகிய பிறகுதான் புரிந்தது. இரும்பு துருவாகும்போது, தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஏற்கெனவே நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு இரும்புகளுக்கு நடுவே அது நடந்தால் பிடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. பதிவெண் கிடையாது, சாலையில் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக முடியாது. குட்டியானையில் ஏற்ற வேண்டும், அல்லது கழற்றிய பாகத்தை மட்டும் கையில் எடுத்துப் போக வேண்டும். ஆகவே எப்படிக் கழற்றுவது என்ற கேள்வியோடு, எதுவரை தோப்பில், எது பட்டறையில் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது?

பால் ஜாயிண்ட் இறங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஜாயிண்ட்டுக்கு இரண்டு பிடிமானங்கள் உண்டு. ஒரு முனையில் உருண்டையை அடக்கிய கிண்ணம். அது ஆர்மின் வளையத்துக்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். நழுவாமலிருக்க, சர்க்ளிப் என்ற வாய் பிளந்த பூட்டுக் கம்பியை ஒரு பள்ளத்தில் போட்டிருப்பார்கள். மறுமுனையில் வால்போல் நீளும் தண்டு. அது கூம்பாகச் சரிந்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் காதுக்குள், அதாவது துளையுள்ள நீட்டலுக்குள், நுழைந்து, மறுபுறம் வெட்டு வெட்டாக இருக்கும் காசில் நட்டும், அது கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னுமாக முடியும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும்: கிண்ணம் நக்கிளில், தண்டு ஆர்மில். வேறு சிலவற்றில் தண்டு கூம்பாக இல்லாமல் நேராக இருக்கும். பிளந்த காதை ஒரு போல்ட் குறுக்கே இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த வகையில் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவிவிட வேண்டும். பிறகு பிளவில் ஓர் உளியை மெல்லத் தட்டிக் காதைச் சற்று விரித்தால் தண்டு இறங்கிவிடும்.

கூம்பு இறுகுவதும் கிண்ணம் இறுகுவதும் ஒன்றல்ல. கூம்பு இறுகத் துருவே தேவையில்லை. பெரும்பாலும் 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. போலச் சரியும் மெல்லிய கூம்பு அது. நட்டை முறுக்கினால் ஆப்பாக ஏறி, நட்டை எடுத்த பிறகும் உராய்விலேயே நின்றுவிடும், மண்வெட்டிக் காம்பு காதில் இறுகி நிற்பது போல. ஆனால் ஒரு நூலளவு அசைந்துவிட்டால் முழுதும் விட்டுவிடும். கிண்ணம் அப்படியில்லை. துளையைவிட ஒரு துளி பெரிதாகச் செய்யப்பட்டுப் பலவந்தமாக ஏற்றப்பட்டது அது. ஒரு நூல் நகர்ந்தாலும் அடுத்த நூலுக்கும் பலம் வேண்டும். வெளியே விழும்வரை தள்ளியாக வேண்டும். முன்னதற்கு வேண்டியது அதிர்ச்சி, பின்னதற்கு வேண்டியது நிதானமான அழுத்தம். இரண்டையும் ஒரே சம்மட்டியால் தீர்க்கப் பார்த்ததில்தான் என் இடது ஆர்ம் போனது.

டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்திருந்தார். ஆர்மை வண்டியிலிருந்து கழற்றவில்லை. சர்க்ளிப் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை; சேறும் துருவும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை மூடியிருந்தன. ஓங்கி ஓங்கி அடித்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஜாயிண்ட் வந்தது, சர்க்ளிப் பள்ளத்தின் விளிம்பையும் பிய்த்துக்கொண்டு. புது ஜாயிண்ட் கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போயிற்று. நான்கு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து, “இனி அசையாது” என்றார். மூன்று மாதத்தில், உர மூட்டையோடு ஓடை இறக்கத்தில் திரும்பும்போது பொட்டுகள் விட்டுச் சக்கரம் மடிந்தது. வேகம் குறைவு என்பதால் ஓட்டிய பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. புது ஆர்ம் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் மாம்பழப் பருவமே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு அளவுகோல் ஒன்றுதான். கழற்றும் ஜாயிண்ட் பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகிறது. ஆர்மின் வளையம் இன்னும் பல ஆண்டு வேலை செய்ய வேண்டும். எந்த வழி அந்த வளையத்தின் துளையைக் கெடுக்காமல் விடுகிறதோ, அந்த வழிக்குத்தான் என் ஓட்டு. நேரமும் கூலியும் அதற்குப் பின்னால்தான்.

கூம்பைப் பிரிக்க மூன்று வழிகள்

வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கீழ் ஆர்முக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, தண்டின் முனையோடு சமமாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். முழுதாக எடுக்க வேண்டாம். கூம்பு திடீரென விடும்போது ஆர்ம் துள்ளாமல் பிடித்துக்கொள்வது அந்த நட்டுதான்.

காசு செலவில்லாத வழி இரண்டு சுத்தியல். கனமான சுத்தியலை நக்கிளின் காதுக்கு ஒரு பக்கம் ஒட்டிப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் ஒரு கிலோ சுத்தியலால் சுருக்கென்று அடிக்க வேண்டும். அடி தண்டின் மேல் விழக் கூடாது, காதின் பக்கவாட்டில் விழ வேண்டும். அடி விழும் கணத்தில் காதின் துளை இம்மியளவு நெளிந்து மீளும். அந்த நெளிவில் கூம்பு தன் பிடியை இழக்கும். பலர் தண்டின் முனையைக் கீழிருந்து அடிக்கிறார்கள். முனை காளான்போல் விரிந்து, மரை சிதைந்து, பிறகு கூம்பு விட்டாலும் தண்டு காதைத் தாண்டி வராது. வார்ப்பிரும்பு அல்லது எஃகு நக்கிளுக்கு இந்த வழி போதும். அலுமினிய நக்கிளில் இதைச் செய்யவே கூடாது, விரிசல் விழும்.

இரண்டாவது, கவைபோல் பிளந்த இரும்பு ஆப்பு. ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே நுழைத்து அடித்தால் இரண்டையும் விலக்கித் தள்ளும். வேலை வேகமாக முடியும். ஆனால் போகிற போக்கில் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டைக் கிழித்துவிடும். ஜாயிண்ட்டை எறியத்தான் போகிறோம் என்றால் கிழியட்டும். ஆக்சில் பூட் மாற்றவோ பேரிங் மாற்றவோ நல்ல ஜாயிண்ட்டைப் பிரிக்கிறோம் என்றால் இந்த ஆப்பு வேண்டவே வேண்டாம். மேலும் கடைகளில் எளிதாகக் கிடைப்பது கார் அளவுக்கானது, ஏ.டி.வி.யின் மெல்லிய தண்டுக்கு அந்தக் கவையின் இடைவெளி அகலம்.

மூன்றாவது, திருகு புல்லர். நண்டின் கொடுக்குபோல் இரண்டு தாடைகள். ஒன்று காதைப் பிடிக்கும், மற்றது தண்டின் முனையை அழுத்தும், நடுவில் ஒரு போல்ட். நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: போல்ட்டை முறுக்கி முறுக்கியே கூம்பை விடுவிக்கப் பார்த்தால் புல்லரின் தாடை உடையும், அல்லது தண்டின் மரை நசுங்கும். கைக்குப் பலமாகத் தெரியும்வரை இறுக்கிவிட்டு, காதின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். முதல் தட்டில் மந்தமான சத்தம் வரும். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ‘டங்’ என்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம்; ஆர்ம் நட்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். அலுமினிய நக்கிளாக இருந்தால் அந்தத் தட்டையும் விட்டுவிட்டு, புல்லரை இறுக்கியபடியே இரவு முழுக்க விட்டுவிடலாம்.

கிண்ணம்தான் பெரிய வேலை

இங்கே எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் சர்க்ளிப்பைக் கண்டுபிடியுங்கள். என் வலது ஆர்மில் அது இருந்ததே தெரியவில்லை. கம்பி பிரஷ்ஷை டீசலில் தோய்த்துத் தேய்த்தபோது முதலில் செம்மண் கரைந்தது, அடியில் கறுப்பு கிரீஸ், அதற்கும் அடியில் செதில் செதிலாகத் துரு. ஊசியால் பள்ளத்தைச் சுற்றிக் கீறிக்கொண்டே வந்த பிறகுதான் சர்க்ளிப்பின் இரண்டு முனைகளும், அவற்றிலிருந்த சின்னத் துளைகளும் கண்ணில் பட்டன. பிளையரை மாட்டி அழுத்தியதும் ஒரு முனை ஒடிந்தது. பொறுமையாக இரண்டு மெல்லிய திருப்புளிகளால் நெம்பி, கால் மணி நேரத்தில் துண்டாக எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒடிந்த சர்க்ளிப் தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். அது உள்ளே இருக்கும்போது எத்தனை டன் கொடுத்தாலும் அந்தப் பலம் முழுதும் ஆர்மைத்தான் உடைக்கும்.

எண்ணெய் விடுவதைக் கழற்றும் வழியாக நான் எண்ணுவதில்லை, எல்லா வழிகளுக்கும் முன்னேற்பாடாக எண்ணுகிறேன். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே, அல்லது அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் சரிபாதி கலந்த கலவை, எதுவானாலும் சரி. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இதன் பலன் நாளில்தான் இருக்கிறது, அளவில் இல்லை. வளையத்தின் இரண்டு முகங்களையும் சுத்தம் செய்துவிட்டுத் தினம் சாயங்காலம் நான்கு சொட்டு, இரண்டு மெல்லிய தட்டு, இப்படி நான்கைந்து நாள். அவசரமாக ஊற்றிவிட்டு ஐந்தாவது நிமிடத்தில் அடிப்பவர்கள் ஆர்மைக் குளிப்பாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

வண்டியில் ஆர்ம் இருக்கும்போதே சாக்கெட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் முறைக்கு நான் எதிரி. ஆர்மின் உள்முனை ரப்பர் புஷ்ஷில் நிற்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஆர்ம் துள்ளி, பாதிப் பலம் ரப்பரில் போய்விடும். அடி கோணலாக விழுந்தால் கிண்ணம் துளைக்குள் சாய்ந்து சுவரைச் சுரண்டும். எப்போதாவது பலிக்கிறது என்பது உண்மை. பலிக்காதபோது என்ன போகிறது என்பதை நான் பார்த்துவிட்டேன்.

சி வடிவ திருகு பிரஸ் அதைவிடப் பல மடங்கு மேல். கனமான இரும்புச் சட்டம், நடுவில் தடித்த திருகு, இரண்டு பக்கமும் வைக்க வெவ்வேறு அளவில் கிண்ணங்கள். ஆர்மைக் கழற்றாமலே வேலை செய்யலாம். தோப்பு, மலை என்று பட்டறைக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான முதலீடு. வாங்கும்போது கிண்ணங்களின் அளவைப் பாருங்கள். கார் செட்டில் வரும் கிண்ணங்களில் மிகச் சிறியதுகூட நம் வளையத்துக்குப் பெரிதாக இருக்கலாம். அப்போது லேத் பட்டறையில் ஒரு குழாய்த் துண்டைச் சமமாக வெட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கும் குழாயின் உள்வாய் ஜாயிண்ட்டின் விளிம்பைவிடப் பெரிதாகவும், வளையத்தின் வெளிவிட்டத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். திருகுக்கு கிரீஸ் தடவுங்கள். முழுப் பலத்தில் இறுக்கியும் அசையவில்லை என்றால் மேலும் முறுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, வளையத்தின் வெளிப்பக்கத்தைச் சுற்றிலும் தட்டுங்கள். விடும்போது பெரும் சத்தத்தோடு விடும். முகத்தை அதற்கு நேரே வைக்க வேண்டாம். இதன் குறை என்னவென்றால், உப்பில் ஆண்டுக்கணக்காக ஊறிய ஜாயிண்ட்டிடம் சட்டமே வாய் பிளந்துவிடும். வாய் பிளந்தால் அழுத்தம் நேராக விழாது.

பெஞ்ச் வைஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துரு இல்லாத ஜாயிண்ட்டுக்குப் போதும். இறுகியதற்கு வைத்து, கைப்பிடியில் குழாய் மாட்டி முறுக்கினால் வார்ப்பிரும்புத் தாடை உடையும்.

ஹைட்ராலிக் பிரஸ் என்றால் ஆர்மை வண்டியிலிருந்து கழற்றியாக வேண்டும். உள்பக்கம் இரண்டு போல்ட், ஷாக் அப்சார்பருக்கு ஒன்று. போல்ட்டுகள் ஒத்துழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. அதைச் சிரமம் என்று தவிர்ப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. ஆர்ம் கைக்கு வந்துவிட்டால் விரிசல் இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கலாம். மதுரையில் கே. புதூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கப்பலூர் சிட்கோவிலும் பேரிங், புஷ் ஏற்றி இறக்கும் பிரஸ் வைத்திருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. 12 டன்னோ 20 டன்னோ, நமக்கு எது என்றாலும் போதும். பலத்தைவிட அதன் நிதானம்தான் நமக்கு வேண்டியது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, நேராக விழுகிறது. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே எந்த நொடியிலும் நிறுத்தலாம்.

சூடு காட்டுவது பற்றி

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வறட்டி நெருப்பில் பட்டையைச் சுட்டு, அது விரிந்ததும் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். அதே சங்கதியைத்தான் இங்கே திருப்பிச் செய்கிறோம். 30 மி.மீ. துளையுள்ள எஃகு வளையத்தை 150 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும்; அலுமினியம் என்றால் 0.1 மி.மீ. வரை. ஒரு தலைமுடி அளவுதான். ஆனால் அழுத்திப் பொருத்திய இடத்தில் அந்த முடியளவே பெரிய சலுகை. வளையத்தை வெளியிலிருந்து வேகமாகச் சூடாக்கி, சூடு கிண்ணத்துக்குப் பரவும் முன் அழுத்திவிட வேண்டும். ஆற அமரச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே விரியும், பலன் பூஜ்யம்.

ஆகவே சூடு தனி வழியல்ல, பிரஸ்ஸுக்குத் துணை. நிறம் சிவக்கும்வரை சுடக் கூடாது. ஆர்மின் எஃகு தன் குணத்தை இழக்கும். அலுமினிய ஆர்ம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மெலியும்; 150 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது, கேஸ் வெல்டிங் தீயை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஜாயிண்ட் மூடிய கிண்ணம் என்பதால் உள்ளே கிரீஸ் கொதித்து வெடித்துத் தெறிக்கும். பூட்டை வெட்டி எடுத்து, கிரீஸை வழித்துவிட்டுத்தான் தீயைக் காட்ட வேண்டும். இன்னொன்றை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அது தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து. அதால் கழுவிய பாகத்தைச் சுடவே வேண்டாம். பெட்ரோல் டாங்க் உள்ள வண்டியில் ஆர்மை வைத்துக்கொண்டு சுடுவதும் வேண்டாம்.

பிரஸ்ஸும் சூடும் தோற்றால்

அப்போது வெட்டுவதுதான். தண்டை அறுத்து, அடிமூடியைத் திறந்து, உருண்டையை வெளியே தள்ளிவிட்டால் வெறும் கிண்ணச் சுவர் மட்டும் மிஞ்சும். ஹேக்ஸா பிளேடைத் துளை வழியாக நுழைத்துச் சட்டத்தில் மாட்டி, சுவரின் உள்பக்கத்திலிருந்து நீளவாக்கில் அறுக்க வேண்டும், வளையத்தைத் தொடுவதற்கு ஒரு முடியளவு முன்பு வரை. எதிரே இன்னொரு கீறல். பிறகு மெல்லிய உளியால் சுவரை உள்ளே மடக்கினால் இறுக்கம் முழுதும் போய்விடும். கிரைண்டரில் ஐந்து நிமிடத்தில் முடியும் என்பார்கள். ஒரு நொடி வழுக்கினால் துளையில் பள்ளம் விழும்; இங்கே கை ரம்பம்தான் நல்லது. கை வலித்தால் இளைப்பாறி அறுங்கள்.

நல்ல வெல்டர் கைவசம் இருந்தால், எஃகு ஆர்மில், காலியான கிண்ணத்தின் உள்சுவரைச் சுற்றி ஒரு வெல்டிங் வரி போடலாம். வெல்டிங் குளிரும்போது சுருங்கும்; கிண்ணத்தையும் சேர்த்துச் சுருக்கும். லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். கைத்திறன் இருந்தால் ரம்பத்தைவிட இது மேல். இல்லாவிட்டால் கிண்ணத்தை ஆர்மோடு பற்றவைத்த கதையாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் வண்டிக்குப் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கிறதா என்று பாகப் பட்டியலைப் பாருங்கள். சில வண்டிகளில் ஆர்மோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். அப்படியானால் மேலே சொன்ன பாதி வேலை உங்களுக்கு இல்லை. கூம்பை மட்டும் பிரித்துவிட்டுப் புது ஆர்மை மாட்டலாம். ஜாயிண்ட் தனியாகக் கிடைத்தாலும், வளையம் நீள்வட்டமாகியிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, புது ஜாயிண்ட் விரல் பலத்தில் உள்ளே போனாலோ ஆர்மை மாற்றியே தீர வேண்டும். வெல்டிங் பொட்டு வைத்து ஓட்டுவதற்கு நான் இனி சம்மதிக்க மாட்டேன்.

வலது ஆர்முக்கு நான் செய்தது

ஐந்து சாயங்காலம் எண்ணெய். ஆறாம் நாள் காலை திருகு புல்லரில் கூம்பு விட்டது, இரண்டாவது தட்டில். ஆர்மைக் கழற்றி, உரச் சாக்கில் சுற்றி, புது ஜாயிண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாடிப்பட்டியில் பஸ் ஏறினேன். ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து புதூர். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி இறக்கியிருந்தால் ஆகியிருக்கும் வாடகையில், பஸ் டிக்கெட்டும் பிரஸ் கூலியும் போக மீதி கையில் நின்றது.

பிரஸ்ஸில் இருந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். ஆர்மை வாங்கியதும் மேசையில் வைக்கவில்லை. வளையத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த குழாய்த் துண்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தின் அடியில் பொருத்திப் பார்த்தார். நான்காவது துண்டு சரியாக உட்கார்ந்தது. ஆர்மின் வளைந்த மறுமுனைக்கு மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, மூலைமட்டத்தை வைத்துச் செங்குத்தைச் சரிபார்த்தார். “அழுத்துவது பெரிய வேலையில்லை தம்பி. கீழே எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை” என்றார். அதற்கே இருபது நிமிடம் ஆனது.

கைப்பிடியை அடிக்க அடிக்க முள் ஏறியது, ஜாயிண்ட் அசையவில்லை. அவர் நிறுத்தினார். அழுத்தத்தை எடுக்காமலே, எஃகு ஆர்ம்தானே என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டு, நான் ஏற்கெனவே பூட்டை வெட்டி கிரீஸை வழித்திருந்ததையும் பார்த்துவிட்டு, கேஸ் தீயை வளையத்தைச் சுற்றி அரை நிமிடம் ஓட்டினார். பெயிண்ட் புகைந்து பழுப்பானது. அவர் இன்னொரு முறை கைப்பிடியைத் தொடும் முன்பே ‘டப்’ என்று ஒரு சத்தம், முள் விழுந்தது. அதற்குப் பிறகு ஜாயிண்ட் வெண்ணெயில் கத்தி போவது போல இறங்கியது. உள்ளே துளையின் சுவரில் செந்தூள் படிந்திருந்ததே தவிர ஒரு கீறல்கூட இல்லை. ஆறிய பிறகு வெர்னியரால் நான்கு திசையில் அளந்தார். நான்கும் ஒன்றாக இருந்தன.

புதியதை ஏற்றும் முன் துளையை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, துரு பிடிக்காதிருக்க மெழுகுபோல் ஒரு பூச்சு கிரீஸ் தடவினோம். ஜாயிண்ட்டை முந்தின இரவு வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்திருந்தேன். ஆனால் மதுரை வெயிலில் பஸ்ஸில் வருவதற்குள் அந்தக் குளிர் போய்விட்டது. பட்டறைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்குத்தான் அது பயன்படும். அழுத்தம் ஜாயிண்ட்டின் வெளி விளிம்பில் விழ வேண்டும், நடு மூடியில் விழக் கூடாது. சர்க்ளிப்பைப் போட்டபின் திருப்புளியால் தள்ளிச் சுற்றிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் வழுக்கிச் சுழன்றது. சுழலாவிட்டால் ஜாயிண்ட் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

தோப்பில் மாட்டும்போது கூம்பையும் காதின் துளையையும் துணியால் துடைத்து உலர வைத்தேன். ஆர்மின் துளைக்குத் தடவிய கிரீஸ் இங்கே கூடாது; கூம்பு உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும். வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு நட்டை இறுக்கியபோது ஸ்பிளிட் பின் துளை நேருக்கு வரவில்லை. அதற்காக நட்டைத் தளர்த்தக் கூடாது. அடுத்த வெட்டு வரும்வரை இறுக்கித்தான் பின்னைப் போட வேண்டும். பின் எப்போதும் புதியது.

இப்போது வண்டியை மழைநீர்த் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு கழுவுகிறோம். பையன் சனிக்கிழமைதோறும் சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, பூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறான். போன வாரம் இடதுபக்கம் பூட்டின் மடிப்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பைக் காட்டினான். அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஜாயிண்ட் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலத்திலிருந்து எண்ணெய் விடத் தொடங்குகிறோம்.